வாளிச் சத்தம்

தகர வாளியைக் கட்டையால் அடித்தால் எப்படிச் சத்தம் வரும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூடிய விளையாட்டுக் கூடத்துக்குள் ஒரு கூட்டமே சேர்ந்து அடித்தால் எதிரணிக்குத் தன் கோச் கத்துவதுகூடக் காதில் விழாது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இம்மாக்குலாட்டா கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆடிய இடங்களிலெல்லாம் இந்தச் சத்தம் இருந்தது. அடித்தவர்களில் கணிசமானோர் கன்னியாஸ்திரிகள். ஜெபமாலை உருட்டும் கையில் மரக்குச்சி. வாளிகளுக்கும் செலவில்லை. ரெனே மூத் என்ற ஆட்டக்காரியின் அப்பா ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். சரக்கு அங்கிருந்து வந்தது.

பிலடெல்ஃபியா நகருக்கு மேற்கே, செஸ்டர் கவுண்டியில், மரியாவின் மாசற்ற இருதய ஊழியர் சபைச் சகோதரிகள் 1920இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. 1929இல் இம்மாக்குலாட்டா என்ற பெயர் வந்தது. மாசற்றவள் என்று பொருள். நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் அமலா, அமலோற்பவம் என்று பெண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் இந்த மாதாவை நினைத்துத்தான். மாணவிகள் சில நூறு பேர். இந்தச் சின்னக் கல்லூரி 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தேசியக் கோப்பையைத் தூக்கியது. பிறகு இரண்டு முறை இறுதியாட்டத்தில் தோற்றது. அதன்பின் பெரிய ஆட்டங்களின் பட்டியலிலிருந்தே காணாமல் போனது.

ஏழைக் கல்லூரி, துணிச்சலான பெண்கள், பக்தியுள்ள சிஸ்டர்கள், கடைசியில் வெற்றி என்று இந்தக் கதையைச் சொல்வது எளிது. 2011இல் ‘தி மைட்டி மாக்ஸ்’ என்று ஒரு படமே வந்துவிட்டது. எனக்கு அந்த வெற்றியைவிட அது வந்த நேரமும் போன நேரமும்தான் சுவாரசியம்.

முதலில் அந்த ஆட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அப்படியே கொண்டுவரவில்லை. மைதானத்தை மூன்று கட்டமாகக் கோடு போட்டுப் பிரித்தார். அவரவர் கட்டத்தை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது. பெண்ணுடம்பு அவ்வளவு ஓட்டம் தாங்காது என்பது அன்றைய வைத்தியம். முரட்டுத்தனம் பெண்ணுக்கு ஆகாது என்பது அன்றைய மரியாதை. பின்னால் மூன்று கட்டம் இரண்டானது. அணிக்கு ஆறு பேர்; மூவர் கூடையில் போட மட்டும், மூவர் தடுக்க மட்டும். தடுக்கிறவள் நடுக்கோட்டோடு நின்றுகொள்ள வேண்டும். தன் பந்து மறுபக்கம் என்ன ஆகிறது என்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கல்லூரிப் பருவம் முழுதும் ஒரு தடவைகூடக் கூடையில் பந்து போடாத ஆட்டக்காரிகள் இருந்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போவதற்கும் எண்ணிக்கை வைத்திருந்தார்கள். அறுபதுகளில்தான் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஐந்து பேர், முழு மைதானம் என்ற விதி கல்லூரிப் பெண்களுக்கு 1971இல் வந்தது. இந்த ஆண்டை நினைவில் வையுங்கள்.

உடையையும் சொல்ல வேண்டும். நீல நிறக் கம்பளித் துணியில் தைத்த டூனிக். பெட்டி மடிப்பு வைத்தது. உள்ளே காலர் வைத்த வெள்ளைச் சட்டை, கீழே புளூமர், இடுப்பில் ஒரு கட்டு. பள்ளிச் சீருடைக்கும் ஆட்டச் சட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கும் உடுப்பு. கம்பளி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். 1972 கோப்பையை அவர்கள் ஜெயித்தது இந்த உடுப்பில்தான். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் ஏதோ கான்வென்ட் ஆண்டு விழாவுக்கு நிற்பதுபோல இருப்பார்கள்.

இந்த வெற்றியை அதிசயம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் பிலடெல்ஃபியா. அந்த நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கூடைப்பந்து பெண்பிள்ளைகளுக்கும் உரியதாகத்தான் இருந்தது. பங்குப் பள்ளியில் ஆடுவார்கள், பங்கு இளைஞர் மன்றத்தில் ஆடுவார்கள், உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் கத்தோலிக்க லீக்கில் ஆடுவார்கள். அப்பாக்கள் வேலை முடிந்து வந்து மகளின் ஆட்டம் பார்த்தார்கள். ஐரிஷ், இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள். நாலைந்து பிள்ளைகள் உள்ள வீடுகள். அண்ணன் தம்பியோடு தெருமுனை வளையத்தில் மோதி வளர்ந்த பெண்கள். இவர்களுக்குப் பங்குப் பள்ளிகளில் பாடம் எடுத்தவர்கள் பின்னால் வாளி அடித்த அதே சபைச் சிஸ்டர்கள். அந்தச் சிஸ்டர்களிலும் பலர் மடத்துக்குள் போகுமுன் அதே லீக்கில் ஆடியவர்கள். ஆட்டம் புரிந்துதான் வாளியை அடித்தார்கள். ஜூலி பைர்ன் என்ற மதவியல் ஆய்வாளர் இந்த அணியைப் பற்றி 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். திருச்சபை பெண்களுக்கு விதித்திருந்த அடக்கத்துக்குள்ளேயே இந்தப் பெண்கள் தங்கள் உடம்பின் சந்தோஷத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே அதன் விசாரணை. ஆக, நிலம் பல தலைமுறையாக உழுது கிடந்தது. மழைதான் பெய்ய வேண்டியிருந்தது.

மழைக்கு முன் நெருப்பு வந்தது. 1967இல் கல்லூரியின் விளையாட்டுக் கூடம் எரிந்து போனது. அதன்பின் பயிற்சி, கன்னியர் மடத்தின் நிலவறையில். சொந்த ஆடுகளம் இல்லாத கல்லூரிக்கு 1970இல் கோச்சாக வந்தவர் கேத்தி ரஷ். வயது 23. சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு இல்லை, பருவம் முழுவதற்கும். அன்றைய விலைவாசியிலும் அதைச் சம்பளம் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. கல்லூரி பிடித்துக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். பெண்கள் அணிக்குக் கோச் என்பது அப்போது உடற்கல்வி ஆசிரியையின் ஓய்வுநேர வேலை. ரஷ்ஷின் கணவர் தொழில்முறை ஆண்கள் லீக்கான என்பிஏவில் நடுவர். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உயர்ந்த தரக் கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. ஆண்கள் ஆட்டத்தில் இருந்த நெருக்கித் தடுக்கும் உத்திகளை அவர் கூச்சமில்லாமல் இங்கே இறக்கினார். விதி மாறி முழு மைதானமும் திறந்தபோது பல கல்லூரிகள் பழைய பாதி மைதானப் பழக்கத்திலேயே தடுமாறின. இவர்கள் ஓடினார்கள்.

இன்னொரு நெருப்பும் உண்டு. தெரேசா ஷாங்க் என்ற பெண் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில் அவர்கள் வீடு எரிந்தது. தொலைவில் போய்ப் படிப்பது என்ற யோசனை அதோடு போனது; வீட்டிலிருந்தே போய்வரத் தோதாக இருந்த கல்லூரி இம்மாக்குலாட்டா. ஏறக்குறைய ஐந்தடி பதினோரு அங்குல உயரம். அந்தக் காலத்துப் பெண்கள் கூடைப்பந்தின் மிகச் சிறந்த நடு ஆட்டக்காரி இப்படித்தான், பஸ் வசதியைப் பார்த்துக் கல்லூரி சேர்கிறவர்களைப்போல, வந்து சேர்ந்தார். இன்று அவரைப்போல ஒருத்திக்குப் பள்ளி பத்தாம் வகுப்பிலிருந்தே நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும். அன்று ஒருவரும் வரவில்லை. யாரிடமும் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. பெண்களுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுப்பதையே அவர்களுடைய சங்கம் தடைசெய்திருந்தது.

பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திய அந்தச் சங்கம் 1972 மார்ச்சில் முதல் தேசியப் போட்டியை வைத்தது. பதினாறு அணிகள். இடம் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊர். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை நார்மல் ஸ்கூல் என்பார்கள். அப்படி ஒரு பள்ளி இருந்ததால் ஊருக்கே அந்தப் பெயர். அன்றைய பெண்கள் கூடைப்பந்தின் மகாராணிகளும் இந்த மாதிரி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள்தான். அவற்றில் தலையானது வெஸ்ட் செஸ்டர் ஸ்டேட். 1969இல் முதல் தேசிய அழைப்புப் போட்டியை நடத்தி, தானே ஜெயித்த கல்லூரி. அது இம்மாக்குலாட்டாவுக்குப் பக்கத்து ஊர், அதே கவுண்டி. கேத்தி ரஷ் படித்ததும் அங்கேதான். மண்டலப் போட்டியின் இறுதியில் இந்த அக்காக்காரி தங்கையை 32 புள்ளி வித்தியாசத்தில் அடித்துத் துவைத்திருந்தாள். அதனால் நார்மலுக்குப் போகும்போது இம்மாக்குலாட்டாவுக்குக் கிடைத்த தர வரிசை, பதினாறில் பதினைந்து.

போவதற்குப் பணம்? பல் துலக்கும் பிரஷ் விற்றார்கள். அங்கே இங்கே கேட்டார்கள். எல்லாரையும் கூட்டிப்போகக் கட்டுப்படியாகவில்லை. எட்டு பேர் மட்டும் கிளம்பினார்கள். அதுவும் ஸ்டாண்ட்பை டிக்கெட்டில். விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏற்றுவார்கள், இல்லையென்றால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். தேசியப் போட்டிக்குப் போகிற அணி, காலி இருக்கை கிடைக்குமா என்று கவுண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். போக முடியாத மற்றவர்களை எனக்கு அடிக்கடி நினைக்கத் தோன்றும். பருவம் முழுக்கக் கூடவே ஓடியவர்கள், டிக்கெட் காசு இல்லாததால் வீட்டில் இருந்தார்கள். கோப்பைக் கதைகளில் அவர்களுக்கு வரி கிடைப்பதில்லை.

ஒவ்வொரு ஆட்டமாகச் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர். சில நாள் முன்பு 32 புள்ளியில் தோற்ற அதே அணியிடம் இம்மாக்குலாட்டா 52-48 என்று ஜெயித்தது. கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் முதல் அதிகாரபூர்வத் தேசியப் போட்டியின் இறுதி, ஒரே கவுண்டியைச் சேர்ந்த இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில் நடந்தது. திரும்பி வந்தபோது பிலடெல்ஃபியா விமான நிலையத்தில் கூட்டம் திரண்டிருந்தது.

அடுத்த ஆண்டு மரியான் கிராஃபர்ட் வந்து சேர்ந்தார். பந்து அவர் கையில் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். 1973 பருவத்தில் இருபது ஆட்டம், இருபதும் வெற்றி. இறுதியில் நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியை அவர்கள் ஊரிலேயே 59-52 என்று தோற்கடித்தார்கள். 1974இல் மூன்றாவது கோப்பை, கான்சாஸ் மாநிலத்தில், மிஸ்ஸிஸிப்பி கல்லூரியைத் தோற்கடித்து. இவற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டே இருப்பதைப் பற்றி எழுத அதிகம் இருப்பதில்லை.

எழுத வேண்டியது அதே மூன்று ஆண்டுகளில் வெளியே நடந்துகொண்டிருந்ததைப் பற்றி. முதல் கோப்பை வந்து மூன்று மாதத்தில், 1972 ஜூன் 23 அன்று, குடியரசுத் தலைவர் நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் பிரிவின் மையம் ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட ஒரு வாக்கியம். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காட்டி ஒருவரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் ஆண்கள் அணிக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டுப் பெண்கள் அணியைப் பிரஷ் விற்க அனுப்பிய பல்கலைக்கழகங்களுக்கு அதன் பொருள் சீக்கிரமே உறைத்தது. 1973இல் இன்னொரு கதவும் திறந்தது. ஸ்காலர்ஷிப் வாங்கிய டென்னிஸ் ஆட்டக்காரிகளைப் போட்டியில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. பெண்கள் சங்கம் தடையை விலக்கிக்கொண்டது.

இரண்டும் நியாயம். இரண்டும் வந்திருக்க வேண்டியவை. காலம் தாழ்த்தி வந்தவை. ஆனால் இம்மாக்குலாட்டாவின் பிழைப்பு எதில் இருந்தது என்று யோசித்தால் கணக்கு விளங்கும். அவர்களிடம் பணம் இல்லை. அன்று வேறு யாரிடமும் பெண்கள் ஆட்டத்துக்கென்று பணம் இல்லை. எல்லாரும் வெறுங்கையோடு நின்ற களத்தில், பங்குப் பள்ளியில் பழகிய கைக்கு மதிப்பு இருந்தது. ஒரு கை நிறைந்ததும் அந்தச் சமநிலை போயிற்று.

உச்சமும் சரிவும் ஒரே ஆண்டில் வந்தன. 1975 ஜனவரி 26: மேரிலண்ட் பல்கலைக்கழகத்துடன் இம்மாக்குலாட்டா ஆடிய ஆட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துக்கு அது முதல் முறை. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 22, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். குத்துச்சண்டை மன்னர்களின் அந்த அரங்கத்தில் முதன்முதலாகப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து. எதிரணி குயின்ஸ் கல்லூரி. வந்த கூட்டம் ஏறக்குறைய 12,000. ஒலிபெருக்கியில் ஹெலன் ரெட்டியின் பெண் விடுதலைப் பாட்டு. இம்மாக்குலாட்டா 65-61 என்று ஜெயித்தது. மடத்தின் நிலவறையில் தொடங்கி ஐந்து ஆண்டில் அங்கே.

மார்ச்சில் தேசிய இறுதி. எதிரே மிஸ்ஸிஸிப்பியின் டெல்டா ஸ்டேட். அவர்களிடம் ஆறடி மூன்று அங்குல லூசியா ஹாரிஸ் இருந்தார். பருத்தி வயல் குடும்பத்திலிருந்து வந்த கறுப்பினப் பெண். அடுத்த ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவர். 90-81 என்று இம்மாக்குலாட்டா தோற்றது. 1976 இறுதியிலும் அதே அணியிடம் தோல்வி. டெல்டா ஸ்டேட்டும் ஒன்றும் ராட்சசப் பல்கலைக்கழகம் இல்லை, சின்ன ஊர்க் கல்லூரிதான். ஆகவே பணம் வந்து அடித்தது என்று இந்தத் தோல்விக்குச் சொன்னால் அது பொய்யாகும். அங்கே ஒரு லூசியா ஹாரிஸ் இருந்தார், இங்கே தெரேசா ஷாங்க் படிப்பை முடித்துப் போய்விட்டார், அவ்வளவுதான். பணத்தின் வேலை மெதுவானது. 1977இல் ரஷ் விலகினார். ஏழு ஆண்டில் 149 வெற்றி, 15 தோல்வி. அடுத்த தெரேசாவும் அடுத்த மரியானும் முழு ஸ்காலர்ஷிப்போடு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். வீட்டு நிலைமை தெரிந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். இம்மாக்குலாட்டா விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கவில்லை; கொடுக்க அதனிடம் இல்லை.

ஆனால் விதை பறந்துவிட்டது. 1976இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் பெண்கள் அணிக்கு முழுநேரக் கோச் வைத்தபோது போனவர் தெரேசா ஷாங்க். கல்யாணத்துக்குப் பின் தெரேசா கிரென்ட்ஸ். 1982இல் பழைய பெண்கள் சங்கத்தின் கடைசிக் கோப்பையை, பிலடெல்ஃபியாவின் பலெஸ்ட்ரா அரங்கில், ரட்கர்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் கோச் அவரே. மரியான் கிராஃபர்ட், பிறகு மரியான் ஸ்டான்லி, ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று தேசியக் கோப்பைகள்: 1979, 1980, 1985. வாளிக்காரர் மகள் ரெனே, பிறகு ரெனே போர்ட்லண்ட், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டு கோச். அவர் பெயரை மட்டும் முழு மனதோடு எழுத முடியவில்லை. தன்பாலீர்ப்புப் பெண்களுக்குத் தன் அணியில் இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி வந்தவர். அதனால் ஒரு மாணவி தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகு 2007இல் பதவி விலகினார். தனக்கு இடம் கேட்டு வாளி அடித்த வீட்டிலிருந்து வந்தவர் இன்னொருத்திக்கு இடம் மறுத்தார்.

1982இல் இன்னொன்றும் நடந்தது. ஆண்கள் கல்லூரி விளையாட்டை ஆண்டுவந்த என்சிஏஏ, பெண்கள் கூடைப்பந்துக்கும் போட்டி வைக்கத் தொடங்கியது. பெண்களே நடத்திய சங்கம் அதோடு படுத்துவிட்டது. அந்த முதல் என்சிஏஏ இறுதியில் ஆடி, லூசியானா டெக்கிடம் தோற்ற அணி செய்னி ஸ்டேட். கோச் விவியன் ஸ்டிரிங்கர். வெஸ்ட் செஸ்டருக்கு அடுத்தாற்போல் இருக்கிற, கறுப்பினத்தவருக்கென்று ஏற்பட்ட, எப்போதும் பணமுடையில் இருந்த சின்னக் கல்லூரி. வெஸ்ட் செஸ்டர், இம்மாக்குலாட்டா, செய்னி: நம்மூர்க் கணக்கில் ஒரு தாலுகாவுக்குள் அடங்கும். அந்தச் சின்ன வட்டாரத்திலிருந்து மூன்று கல்லூரிகள் தேசிய இறுதிவரை போயிருக்கின்றன. செய்னியின் கதையைப் படமாக எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இம்மாக்குலாட்டா 2002இல் பல்கலைக்கழகமானது. 2005இல் இளநிலைப் படிப்பில் ஆண்களையும் சேர்த்தது. கேத்தி ரஷ் 2008இலும், அவருடைய அந்த மூன்று ஆண்டு அணி 2014இலும் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நைஸ்மித் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய கல்லூரி இப்போது ஆடுவது என்சிஏஏவின் மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் எந்தக் கல்லூரியும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது விதி.